டாட்ஜர்ஸ் அணியை அறிய எந்தப் பிட்சரிடம் தொடங்குவது? கோஃபாக்ஸ், ஃபெர்னாண்டோ, கெர்ஷா, யமமோட்டோ: ஓர் ஒப்பீடு

அமெரிக்க பேஸ்பால் அணியான லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் 2024இலும் 2025இலும் தொடர்ந்து உலகத் தொடரை (பருவ இறுதியில் வரும் சாம்பியன் போட்டி) வென்ற பிறகு, கிரிக்கெட் மட்டுமே பார்த்து வளர்ந்த நண்பர்கள் சிலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "இந்த அணியைப் பின்தொடர ஆசையாக இருக்கிறது. ஆனால் நூற்று நாற்பது ஆண்டு வரலாறு. எந்த வாசல் வழியாக நுழைவது?" ஒரு பிட்சரை, அதாவது பந்தெறிபவரை, பிடித்துக்கொள்ளுங்கள் என்பேன். உடனே அடுத்த கேள்வி வரும்: யாரை? அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிப் பார்த்தேன், முடியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பேட்டரை விட்டுவிட்டு ஏன் பிட்சர் என்றால், இந்த அணியின் பெருமை பந்தெறிதலில்தான் இருக்கிறது. ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது 1956இல் தொடங்கப்பட்டபோது அதை முதலில் பெற்றவர் டாட்ஜர்ஸின் டான் நியூகாம்ப். அவரையும் சேர்த்து இந்த அணியின் பிட்சர்கள் அதை மொத்தம் 12 முறை பெற்றிருக்கிறார்கள். வேறெந்த அணியும் இத்தனை பெற்றதில்லை.

வரலாற்றை மிகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1883இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்த அணி. தெருவில் ஓடும் மின்சார டிராம்களுக்குத் தப்பி விலகி ஓடும் புரூக்ளின்வாசிகளை வைத்துத்தான் டாட்ஜர்ஸ் என்ற பெயரே வந்தது. 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் இந்த அணிக்காகக் களமிறங்கி, கறுப்பின வீரர்களுக்குப் பல பத்தாண்டுகளாக மூடிக் கிடந்த கதவைத் திறந்தார். 1955இல் முதல் உலகத் தொடர் வெற்றி. 1958இல் அணி மொத்தமும் புரூக்ளினை விட்டு லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்தது. 1962இல் டாட்ஜர் ஸ்டேடியம் திறக்கப்பட்டது.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, அவருடைய ஆட்டங்களை இன்று பார்க்க முடிகிறதா என்பது. புள்ளிவிவரப் பட்டியலைப் படித்து யாருக்கும் ஓர் அணிமேல் காதல் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, பழகாத கண்ணுக்கு அவர் செய்வது புரிகிறதா என்பது. கிரிக்கெட் பார்த்தவர்களின் கண் பந்து எங்கே குத்துகிறது என்று தரையைத் தேடும். பேஸ்பாலில் பிட்சர் எறியும் பந்து பொதுவாகத் தரையில் படுவதில்லை. பிட்சர் நிற்கும் மேட்டுக்கும் பேட்டருக்கும் இடையே 18.44 மீட்டர்; வித்தை எல்லாம் காற்றிலேயே முடிந்துவிடுகிறது. அந்த வித்தை வெளிப்படையாகத் தெரியும் பிட்சர்களும் உண்டு, மெதுவாக ஓட்டிப் பார்த்தால்தான் புலப்படும் பிட்சர்களும் உண்டு.

மூன்றாவது, அவரைத் தொட்டால் அணியின் வரலாறு எவ்வளவு கூடவே வருகிறது என்பது. நான்காவது, அவர் நம்மிடம் கேட்கும் விலை: நேரம், தூக்கம், மனவேதனை. இந்தக் கடைசிச் செலவைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை என்பதால் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எண்களில் ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். ஒரு பிட்சர் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் விட்டுக்கொடுக்கிறார் என்ற கணக்கு அது. சக வீரர்களின் பிழையால் போன ரன்கள் இதில் சேராது. இங்கே அதை ரன் சராசரி என்று சொல்கிறேன். 3க்குக் கீழே இருந்தால் மிக நன்று. 2க்குக் கீழே இறங்கினால் அந்த ஆண்டை மக்கள் பேரப்பிள்ளைகளிடம் சொல்வார்கள்.

## சாண்டி கோஃபாக்ஸ் (1955–1966)

புரூக்ளினில் பிறந்தவர், அணியோடு லாஸ் ஏஞ்சலிஸுக்கு வந்தவர். இரண்டு ஊர்களையும் ஒரே வாழ்க்கையில் கட்டிப்போடும் இடதுகைக்காரர். வரலாறு என்ற அளவுகோலில் அவருக்கு இணை சொல்வது கடினம்.

முதல் ஆறு ஆண்டுகள் அவர் சாதாரணப் பிட்சர்: 36 வெற்றி, 40 தோல்வி. அசுர வேகம் இருந்தது, கட்டுப்பாடு இல்லை. 1961இல் பயிற்சிக்காலத்தில் கேட்சர் (கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர்போல) நார்ம் ஷெர்ரி, இவ்வளவு பலத்தைக் கொட்டாமல் கொஞ்சம் தளர்த்தி எறிந்து பார் என்றார். 1962 முதல் 1966 வரை ஐந்து ஆண்டுகளும் தொடர்ந்து லீக்கிலேயே மிகக் குறைந்த ரன் சராசரி அவருடையது. மூன்று சை யங் விருதுகள். 1965இல் மட்டும் 382 ஸ்ட்ரைக்கவுட் (பேட்டர் பந்தை ஆட்டத்துக்குள் அடிக்காமலே அவுட்டாவது).

அந்த 1965 செப்டம்பர் 9 அன்று சிகாகோ கப்ஸ் அணிக்கு எதிராக அவர் எறிந்தது பெர்ஃபெக்ட் கேம்: 27 பேட்டர்கள் வந்தார்கள், 27 பேரும் அவுட், ஓடிக் கடக்க வேண்டிய நான்கு பேஸ்களில் முதலாவதைக்கூட ஒருவரும் தொடவில்லை. அன்று கப்ஸின் பிட்சர் பாப் ஹெண்ட்லியும் ஒரே ஒரு ஹிட்டைத்தான் (பேட்டர் அடித்துவிட்டுப் பத்திரமாகப் பேஸை அடைவது) கொடுத்தார். டாட்ஜர்ஸ் எடுத்த ஒரே ரன்னுக்கு ஹிட் எதுவும் தேவைப்படவில்லை. நான்கு தவறான பந்துகளுக்குக் கிடைக்கும் நடையாக முதல் பேஸ், சக வீரர் மெல்லத் தட்டிய ஒரு பண்ட்டில் இரண்டாவது, பந்து அடிக்கப்படாமலே ஓடிச் சேரும் திருட்டில் மூன்றாவது, கேட்சரின் தவறான எறிதலில் வீடு, அதாவது ரன். ஹெண்ட்லியின் அந்த இரவை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

ஆனால் இந்த ஆட்டத்தை நீங்கள் பார்க்க முடியாது. அது தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகவில்லை. மிஞ்சியிருப்பது ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு வின் ஸ்கல்லி செய்த வானொலி வர்ணனை. வரலாறு நடக்கிறது என்று உணர்ந்தவராக, இடையிடையே தேதியையும் மணியையும் சொல்லிக்கொண்டே போகிறார். கேட்டால் மெய்சிலிர்க்கும், ஆனாலும் அது கேட்பதுதான், பார்ப்பதில்லை. கோஃபாக்ஸைத் தேர்ந்தெடுத்தால் முதலில் கொடுக்க வேண்டிய விலை இது.

இரண்டாவது விலை நுட்பமானது. அன்று பிட்சர் நின்ற மேடு 15 அங்குல உயரம் வரை இருந்தது. 1968இல் பிட்சர்கள் ஆட்டத்தையே நசுக்கிவிட்டார்கள் என்பதால் அடுத்த ஆண்டு அதை 10 அங்குலமாகக் குறைத்தார்கள். டாட்ஜர் ஸ்டேடியமும் பிட்சர்களுக்குச் சாதகமான மைதானம். அங்கே கோஃபாக்ஸின் ரன் சராசரி 1.37. அவருடைய எண்களை முதலில் மனத்தில் பதித்துக்கொண்டால், பின்னால் வரும் எல்லாரும் சிறியவர்களாகத் தெரிவார்கள். அது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

இருந்தும், மனிதரை அறிய வேண்டுமென்றால் இவரிடம்தான் வர வேண்டும். 1965 உலகத் தொடரின் முதல் ஆட்டம் யூதர்களின் புனித நாளான யோம் கிப்பூர் அன்று வந்தது. அவர் ஆட மறுத்துவிட்டார். அதே தொடரின் ஏழாவது ஆட்டத்தில், இரண்டே நாள் ஓய்வுக்குப் பிறகு வந்தார். வளைபந்து அன்று கட்டுப்படவில்லை. பெரும்பாலும் வேகப்பந்தை மட்டுமே நம்பி ஒன்பது இன்னிங்ஸ் எறிந்து 2–0 என்று வென்றார். மறு ஆண்டு, மூட்டுவாதம் பிடித்த முழங்கையைப் பனிக்கட்டி நீரில் ஊறவைத்துக்கொண்டே 323 இன்னிங்ஸ் எறிந்து 27 வெற்றிகள் பெற்றார். அந்த நவம்பரில், 30 வயதில், போதும் என்று விலகினார்.

யாருக்கு இவர்: பழைய வானொலிப் பதிவுகளையும் புத்தகங்களையும் விரும்புகிறவர்களுக்கு, ஆட்டத்தைவிட ஆட்டக்காரரின் மனத்திண்மை ஈர்க்கிறவர்களுக்கு.

## ஃபெர்னாண்டோ வலென்சுவேலா (1980–1990)

இவரைப் பற்றிச் சொல்ல ஸ்டேடியம் நிற்கும் நிலத்திலிருந்து தொடங்க வேண்டும். சாவேஸ் ரவீன் என்ற அந்தக் குன்றுப்பகுதியில் மெக்சிக அமெரிக்கக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்தன. பொதுக் குடியிருப்பு கட்டப்போகிறோம் என்று சொல்லி 1950களின் தொடக்கத்தில் நகர நிர்வாகம் அவர்களைக் கிளப்பியது. அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. நிலம் பின்னர் டாட்ஜர்ஸிடம் போனது. எஞ்சியிருந்த கடைசிக் குடும்பங்களை 1959 மே மாதம் காவலர்கள் வீட்டிலிருந்து வெளியேற்றினார்கள். அந்த மண்ணின்மேல் எழுந்த ஸ்டேடியத்துக்குள் கால் வைக்கவே மாட்டோம் என்றிருந்த மெக்சிகக் குடும்பங்கள் நகரில் நிறைய.

1981 ஏப்ரல் 9. பருவத்தின் முதல் ஆட்டத்தில் எறிய வேண்டிய ஜெர்ரி ராய்ஸுக்குக் காயம். மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில், எட்சோவாக்கிலா என்ற சிறு கிராமத்தின் விவசாயக் குடும்பத்தில் பன்னிரண்டாவது பிள்ளையாகப் பிறந்த 20 வயது இளைஞரிடம் பந்தைக் கொடுத்தார்கள். ஆங்கிலம் தெரியாது. விளையாட்டு வீரர் என்றால் மனத்தில் வரும் கட்டுடலும் இல்லை. ஹூஸ்டன் ஒரு ரன்கூட எடுக்கவில்லை, 2–0. அதிலிருந்து தொடர்ந்து எட்டு ஆட்டங்களில் எட்டு வெற்றி. அதில் ஐந்தில் எதிரணிக்குப் பூஜ்யம். அந்த எட்டு ஆட்டங்களின் ரன் சராசரி 0.50. அவர் எறியும் நாள்களில் ஸ்டேடியம் நிரம்பி வழிந்தது. அதுவரை வராதவர்கள் வந்தார்கள். ஸ்பானிய மொழி வர்ணனையாளர் ஹைமே ஹரின் செய்தியாளர் சந்திப்புகளில் அவருக்கு மொழிபெயர்ப்பாளராகவும் உட்கார்ந்தார். அந்த ஆண்டில் அவர் சிறந்த புதுமுகம் விருது, சை யங் விருது இரண்டையும் பெற்றார். ஒரே பருவத்தில் இரண்டையும் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே.

புதிய கண்ணுக்குப் புரிவதில் இவரை மிஞ்ச ஆளில்லை. காலைத் தூக்கும்போது கண்கள் வானத்தை நோக்கி மேலேறும். ஒரு முறை பார்த்தவர் மறக்க மாட்டார். அவருடைய ஆயுதம் ஸ்க்ரூபால். சக வீரர் பாபி காஸ்டியோவிடம் கற்றது. இடதுகைக்காரரின் வளைபந்து வழக்கமாக வலதுகைப் பேட்டரை நோக்கி உள்ளே வரும். ஸ்க்ரூபால் மணிக்கட்டின் எதிர்த்திருப்பத்தால் வெளியே விலகி இறங்கும். கூக்ளியை அடையாளம் காணப் பழகிய கண்ணுக்கு இது சொந்தக்காரரைப் பார்த்ததுபோல இருக்கும்.

பார்க்க வேண்டிய ஆட்டம் 1981 உலகத் தொடரின் மூன்றாவது. நியூயார்க் யாங்கீஸ் 2–0 என்று தொடரில் முன்னிலை. அன்று ஃபெர்னாண்டோவிடம் எதுவும் சரியாக அமையவில்லை: ஒன்பது ஹிட், ஏழு நடை, மூன்று இன்னிங்ஸ் முடிவதற்குள் நான்கு ரன். மேலாளர் டாமி லசோர்டா அவரை மாற்றவில்லை. அதன்பின் யாங்கீஸுக்கு ஒரு ரன்கூடக் கிடைக்கவில்லை. 147 பந்துகள் எறிந்து 5–4 என்று முடித்தார்; தொடரே திரும்பியது. திறமை முழுதாகக் கைகொடுக்கும் நாளில் வெல்கிறவர்கள் பலர் உண்டு. அது கைவிட்ட நாளில் ஒருவர் எப்படித் தாக்குப்பிடிக்கிறார் என்று முழு ஆட்டமாகக் காட்டும் பதிவு இதைவிட நல்லதாக எனக்குக் கிடைத்ததில்லை.

விலை? 1981இல் ஜூன் 12 அன்று வீரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி ஏறக்குறைய இரண்டு மாதம் பருவம் நின்றுபோனது. அதனால் அந்த ஆண்டின் பட்டியல்கள் இரண்டு பாதியாக இருக்கும், புதியவருக்குக் குழப்பம்தான். பெரிய விலை அதற்குப் பிறகு வருகிறது. 1982 முதல் 1987 வரை ஒவ்வோர் ஆண்டும் 250 இன்னிங்ஸுக்கு மேல் எறியவைத்தார்கள். 1988இல் தோள் கைவிட்டது. அந்த ஆண்டு அணி உலகத் தொடரை வென்றபோது அவர் களத்தில் இல்லை. 1990இல் ஒரு நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்டும் தராத ஆட்டம்), 1991 மார்ச்சில் அணியிலிருந்து விடுவிப்பு. அவர் அணிந்த 34ஆம் எண்ணை, இனி யாருக்கும் தராமல், அணி ஓய்வுபெறச் செய்தது 2023இல்தான். அடுத்த ஆண்டு அக்டோபர் 22 அன்று, டாட்ஜர்ஸும் யாங்கீஸும் மறுபடி உலகத் தொடரில் மோத மூன்று நாள் இருக்கையில், அவர் காலமானார். அந்த 32 ஆண்டுத் தாமதம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

யாருக்கு இவர்: ஒரே பருவத்தில் தொடக்கமும் நடுவும் முடிவும் உள்ள கதை வேண்டுகிறவர்களுக்கு, ஓர் அணி ஒரு நகரத்தின் மக்களுக்கு என்னவாக இருக்க முடியும் என்று அறிய விரும்புகிறவர்களுக்கு.

## இடையில் ஒரு குறுக்குவழி: ஓரல் ஹெர்ஷைசர், 1988

நேரமே இல்லை, ஒரு வாரயிறுதிதான் என்பவர்களுக்கு. 1968இல் டாட்ஜர்ஸின் டான் டிரைஸ்டேல் 58⅔ இன்னிங்ஸ் தொடர்ந்து ரன் கொடுக்காமல் எறிந்த சாதனையை, இருபது ஆண்டு கழித்து ஹெர்ஷைசர் 59 என்று தாண்டினார். டிரைஸ்டேல் அன்று அணியின் வர்ணனையாளராக அங்கேயே இருந்து அவரைத் தழுவிக்கொண்டார். அந்த அக்டோபரில் உலகத் தொடரின் சிறந்த வீரரும் ஹெர்ஷைசரே. சுருக்கமானது, நிறைவானது. ஆனால் 1990இல் தோளில் பெரிய அறுவைச் சிகிச்சை. அந்த உச்சத்துக்கு அவர் மறுபடி போகவில்லை. இவரிடம் தொடங்குகிறவர்கள் கதை சீக்கிரம் தீர்ந்துவிட்டது என்று உணர்வார்கள்.

## கிளேட்டன் கெர்ஷா (2008–2025)

பதினெட்டுப் பருவம், ஒரே அணி. 223 வெற்றி, 96 தோல்வி, ரன் சராசரி 2.53, ஸ்ட்ரைக்கவுட் 3052. மூன்று சை யங் விருது. 2014இல் 21 வெற்றி, 3 தோல்வி, ரன் சராசரி 1.77, அந்த ஜூன் 18 அன்று 15 ஸ்ட்ரைக்கவுட்டோடு ஒரு நோ-ஹிட்டர். அன்று ஒரு சக வீரரின் பிழை இல்லாதிருந்தால் அது பெர்ஃபெக்ட் கேம். பதிவுகள் தாராளமாகக் கிடைக்கின்றன, தெளிவான படத்தில். அவருடைய மெதுவான வளைபந்து மேலே எழும்பி, பேட்டரின் மார்பு உயரத்திலிருந்து முழங்காலுக்கு விழுவதைக் குழந்தைகூடப் பார்த்து வியக்கும்.

விலை அக்டோபரில் வரும். நாக்அவுட் ஆட்டங்களில் அவருடைய ரன் சராசரி 4க்கு மேல். 2017 உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் ஹூஸ்டனில் 4–0 முன்னிலை கரைந்தது. அந்தப் பருவத்தில் ஹூஸ்டன் அணி கேமரா வைத்துக் கேட்சரின் சைகைகளைத் திருடியது பின்னர் விசாரணையில் உறுதியானது. இழந்ததை யாரும் திருப்பித் தரவில்லை. 2019இல் வாஷிங்டனுக்கு எதிரான தீர்மான ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் அடுத்தடுத்த இரண்டு பந்துகளில் இரண்டு ஹோம் ரன். பிறகு அவர் டகவுட்டில் தனியே உட்கார்ந்திருந்த காட்சியைப் பார்த்தவர்களுக்கு, அந்த ஆண்டு பேஸ்பாலே வேண்டாம் என்று தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றியது.

2020இல் டாம்பா பே அணிக்கு எதிராக முதல், ஐந்தாம் ஆட்டங்களை வென்று அவர் கோப்பையைத் தொட்டபோது வந்த நிம்மதி, முந்தைய பத்தாண்டு வலியைச் சுமந்தவர்களுக்கு மட்டுமே முழுதாகக் கிடைப்பது. 2025 உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம், பன்னிரண்டாவது இன்னிங்ஸ், எல்லா பேஸிலும் ஆள். ஒரே ஒரு பேட்டருக்காக 37 வயது கெர்ஷா மேட்டுக்கு வந்து அவரை வெளியேற்றினார். அவர் எறிந்த கடைசிப் பந்துகள் அவை.

யாருக்கு இவர்: பொறுமை உள்ளவர்களுக்கு. வாரம் ஓர் ஆட்டம் என்று ஓராண்டு ஒதுக்க முடிந்தால் இவரைப்போல் திருப்பித் தருகிறவர் இல்லை. அவசரமாக, சிறந்த காட்சிகள் தொகுப்பில் பார்த்தால் இவரைப் புரிந்துகொள்ளவே மாட்டீர்கள்.

## யோஷினோபு யமமோட்டோ (2024 முதல்)

இவர் மட்டும்தான் இன்றும் எறிந்துகொண்டிருக்கிறார். முடிவு தெரியாமல் பார்க்கும் படபடப்பை மற்றவர்களால் தர முடியாது. 2023 டிசம்பரில் 12 ஆண்டுகளுக்கு 32.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் ஜப்பானிலிருந்து வந்தார். 2025 உலகத் தொடரில் டொராண்டோவுக்கு எதிராக இரண்டாவது ஆட்டம் முழுவதையும் தனியாக எறிந்து வென்றார். ஆறாவதில் 96 பந்து எறிந்து வென்றார். மறுநாள் இரவே ஏழாவதில் வந்து 34 பந்து எறிந்து, 11 இன்னிங்ஸ் நீண்ட ஆட்டத்தை 5–4 என்று முடித்துவைத்தார். கோஃபாக்ஸ் இரண்டு நாள் ஓய்வில் செய்ததை இவர் ஓய்வே இல்லாமல் செய்தார்.

செலவு தூக்கத்தில். லாஸ் ஏஞ்சலிஸில் இரவு 7.10க்குத் தொடங்கும் ஆட்டம் கோடையில் நமக்குக் காலை 7.40, வேலைக்குக் கிளம்பும் நேரம். அணி கிழக்குக் கரைக்குப் போனால் விடியற்காலை நாலரை மணி. பருவத்தில் 162 ஆட்டங்கள் இருந்தாலும் அவர் ஏறக்குறைய வாரம் ஒருமுறைதான் எறிவார். நாள் மாறினால் விழித்தது வீண். அவருடைய ஸ்ப்ளிட்டர் வேகப்பந்துபோலவே வந்து கடைசி நொடியில் விழுவதால் தொடக்கத்தில் கண்ணில் படாது. பழைய வரலாறும் இவரோடு அதிகம் வராது. 1995இல் வந்து கதவைத் திறந்த ஹிடேயோ நோமோவைத் தேடிப் போனால் கொஞ்சம் வரும்.

## ஒரே பார்வையில்

| | கோஃபாக்ஸ் | ஃபெர்னாண்டோ | கெர்ஷா | யமமோட்டோ |
|---|---|---|---|---|
| காணக் கிடைப்பது | குறைவு, கறுப்பு வெள்ளை | முக்கிய ஆட்டங்கள் | ஏராளம் | நேரலை |
| புதிய கண்ணுக்கு | நடுத்தரம் | மிக எளிது | எளிது | கடினம் |
| கூடவே வரும் வரலாறு | புரூக்ளினும் லாஸ் ஏஞ்சலிஸும் | நகரமும் மக்களும் | இந்நூற்றாண்டு | இன்றைய அணி |
| கேட்கும் நேரம் | வாசிப்பு நேரம் | சில வாரம் | ஓராண்டு | இனி வரும் பருவங்கள் |
| மறைந்திருக்கும் விலை | பின்வந்தவர்கள் சிறுத்துத் தெரிவார்கள் | 1991இன் கசப்பு | அக்டோபர் தோல்விகள் | தூக்கம் |

## என் தேர்வு

ஃபெர்னாண்டோ. தயக்கமே இல்லை. கோஃபாக்ஸ் இவரைவிடச் சிறந்த பிட்சர், கெர்ஷாவும்தான்; அதை மறுக்கவில்லை. ஆனால் வாசலாக இருப்பதற்குச் சிறந்தவராக இருப்பது மட்டும் போதாது. இவரைப் பிடித்துக்கொண்டால் பின்னால் போக சாவேஸ் ரவீன் வழி புரூக்ளின் இருக்கிறது. முன்னால் வந்தால் 34ஆம் எண் ஜெர்சி அணிந்து இன்றும் வரிசையில் நிற்கும் குடும்பங்கள் இருக்கின்றன.

விதிவிலக்கு ஒன்று உண்டு. உங்கள் வீட்டில் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை கூட உட்கார்ந்து பார்க்கப்போகிறது என்றால், யமமோட்டோவிடம் தொடங்குங்கள். விடுமுறை நாள் காலையில் வரும் ஆட்டமாகப் பார்த்து. பிள்ளைகளுக்கு இன்று உயிரோடு ஓடும் ஆட்டம்தான் வேண்டும். பழையவர்களைப் பிறகு அவர்களே கேட்பார்கள்.

ஃபெர்னாண்டோவைத் தேர்ந்தெடுத்தவர்கள் 1981இன் அந்த மூன்றாவது ஆட்டத்திலேயே தொடங்கலாம். முதல் மூன்று இன்னிங்ஸில் அலுப்புத் தட்டினாலும் நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு பந்துக்கும் முன் அவருடைய கண்களைப் பாருங்கள். மேலே போய்த் திரும்பும். நான்காவது இன்னிங்ஸிலிருந்து வலதுகைப் பேட்டர்களின் மட்டைக்கு வெளியே விலகி இறங்கும் பந்துகளை எண்ணிக்கொண்டே வாருங்கள்.